ஏழு மணிக்குத் தானே திரும்பும் ரேடியோ

திருத்தணி
ஆகஸ்ட் 1987

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். கம்ப்யூட்டரை நிறுத்தாதே என்று சொல்லிவிட்டு பெங்களூர் போனீர்கள். நிறுத்தவில்லை. உங்கள் ஹாம் ரேடியோவை அதனோடு வயர் போட்டு இணைத்ததன் அருமை இப்போதுதான் புரிகிறது. ஆள் இல்லாவிட்டாலும் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு ரேடியோ தானாகவே ஒரே அலைவரிசையில் போய் நிற்கிறது.

நேற்று கிருத்திகைக்கு வந்திருந்த உங்கள் தங்கையும் அதில் வந்த குரலைக் கேட்டாள். ஒரு பெண் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். "இன்னாங்க, நாலு நாளா காத்துகினு இருக்கேன். வீட்டம்மா பக்கத்துல இருக்காங்களா?"

"யாரு அண்ணி இது?"

"வானிலை சொல்றவங்கம்மா," என்றேன்.

நான் உங்களிடம் விளக்கம் எதுவும் கேட்கவில்லை. மெஷினுக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர், ஊருக்குப் போகும்போது அந்த ஏழு மணி வேலையை மட்டும் நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டீர்கள். அவ்வளவுதான்.

அவளுக்குப் பதில் சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் லைசென்ஸ் இல்லாதவர்கள் மைக்கைத் தொட்டால் குற்றமாம். சட்டத்தை மீறும் பழக்கம் எனக்கு இல்லை. அதனால் அந்த லைசென்ஸ் பரீட்சைக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். உங்கள் புத்தகங்களைத்தான் படிக்கிறேன். மோர்ஸ் சங்கேதம் பாதி வந்துவிட்டது.

நீங்கள் அவசரப்பட்டு வர வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி