ஐந்தாவது மாடி

திருவண்ணாமலை
12.8.1979

அன்புள்ள அப்பாவுக்கு,

பாண்டிச்சேரியிலிருந்து நீங்கள் அனுப்பிய படம் போட்ட கார்டு பத்திரமாக இருக்கிறது. கடற்கரையோரம் பிரெஞ்சுக்காரர் காலத்துத் தூண் வைத்த வீடுகள். நடுவே நீங்கள் கொத்து வேலை பார்க்கும் புது லாட்ஜ் வரும் இடத்தில் மைப்புள்ளி.

இரண்டாவது மாடி நடக்கிறது என்று எழுதினீர்கள். அதன்பின் கடிதமே இல்லை. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அந்தப் பழைய கடிதத்தையே புதிதாக வந்ததுபோல், ஒவ்வொரு முறையும் ஒரு மாடி கூட்டிப் படிக்கிறேன்.

"இன்னும் எத்தினி மாடிடி? நம்ம கோபுரத்தவிட ஜாஸ்தியாப் போவுது போல" என்று நேற்று அம்மா சிரித்தாள்.

பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து ஆசிரமத்துப் பக்கம் வாடகை அறைகளைப் பெருக்குகிறேன். போன வாரம் பாண்டிச்சேரிக்காரர் ஒருவர் வந்து தங்கினார். தயங்கித் தயங்கிக் கார்டைக் காட்டினேன்.

"இந்த லாட்ஜா? ரெண்டு மாடிதாம்மா. தெறந்து ஒரு வருஷம் ஆச்சே" என்றார்.

அம்மாவிடம் சொல்லவில்லை. ஐந்தாவது மாடிவரை வந்துவிட்டேன், அலுத்துவிட்டது அப்பா. யாரோடு இருக்கிறீர்கள் என்று கேட்க மாட்டேன். வருவீர்களா, மாட்டீர்களா என்று மட்டும் எழுதுங்கள். ஒரு வார்த்தைகூடக் கூட்டாமல் அம்மாவுக்குப் படித்துக்காட்டுகிறேன்.

உங்கள் மூத்த மகள்