பெயர் எழுதாத படிவம்

அண்ணா,

இன்று காலை அந்தப் போலீஸ் வேன் மறுபடியும் பேருந்து நிலையத்துக்கு வந்தது. சேலம் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால், நீங்கள் எப்போதும் நிறுத்தச் சொல்லும் அதே வேப்பமரத்தடியில் நின்றது. டீசல் புகையும் பினாயிலும் கலந்த அந்த வாசத்தை எத்தனை கூட்டத்திலும் நான் கண்டுபிடித்துவிடுவேன். ஆட்களை ஏற்றி இறக்கிய பிறகு பினாயில் ஊற்றிக் கழுவுவோம் என்று நீங்கள்தான் ஒருமுறை சொன்னீர்கள். மூன்று வருடமாக அது இந்தப் பக்கம் வரவில்லை. நீங்கள் போய் ஐந்து மாதம்தான் ஆகிறது, அதற்குள் வந்து நிற்கிறது. எனக்கு வந்த கோபத்தில் கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு, வேறு யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு ஓடினேன்.

நாளை ஓர் அமைச்சர் வருகிறாராம். அவர் வரும் வழியில் யாரும் படுத்திருக்கக் கூடாதாம்.

உங்களோடு நான் முதன்முதலில் பேசியதும் இந்த வேனைப் பற்றித்தான். பேசினேன் என்று மரியாதைக்காகச் சொல்கிறேன், உண்மையில் கத்தினேன். நீங்கள் ஸ்டேஷன் ஏட்டு. நான் நகராட்சியின் வீடற்றோர் காப்பகத்தைப் பார்த்துக்கொள்கிறவள். அப்போதும் இப்படித்தான், பெரிய ஆள் ஒருவர் வரப்போகிறார் என்றார்கள். தெருவில் கிடப்பவர்களை வேனில் ஏற்றித் தொப்பூர் கணவாய் தாண்டி, மாவட்ட எல்லைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டு வருவது வழக்கம் என்று எனக்கும் தெரியும். அதனால் முந்தின நாளே புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தேன். காப்பகத்தில் தங்கியிருந்த எல்லோருடைய பெயரையும் எழுதி, முத்திரை குத்தி, உங்கள் ஸ்டேஷனில் கொடுத்தேன். இவர்கள் எங்கள் ஆட்கள், தொடாதீர்கள் என்று அர்த்தம். அன்று எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

மறுநாள் காலை இரண்டு பேரைக் காணவில்லை. ஒருவன் முனியப்பன். லாரி கிளீனராக இருந்து, குடியால் வேலையும் குடும்பமும் போனவன். இன்னொருவர் கன்னடம் பேசுகிற ஓர் அம்மா. பூக்கடைப் படியில் உட்கார்ந்துகொண்டு, போகிறவர் வருகிறவரை எல்லாம் "ஊட்டா ஆய்த்தா?" என்று கேட்பார். அவர் சாப்பிட்டாரா என்று கேட்க ஊரில் ஆள் கிடையாது, ஆனால் ஊரே சாப்பிட்டதா என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

நான் ஸ்டேஷன் வாசலில் நின்று கத்தியதை எல்லாம் நீங்கள் தொப்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டு கேட்டீர்கள். முடித்ததும், "மொதல்ல டீ சொல்லிடலாம்ங்க மேடம், அப்பறம் திட்டுங்க" என்றீர்கள். டீ வந்தது. அதற்குப் பிறகு மெதுவாகத்தான் சொன்னீர்கள்.

"நீங்க குடுத்த லிஸ்ட்ட வெச்சுத்தானுங்க ஏத்துனோம். அதுல பேரு இல்லாதவங்க அந்த ரெண்டு பேருதானுங்க."

குடித்திருந்தால் காப்பகத்தில் சேர்க்கக் கூடாது என்பது விதி. முந்தின நாள் சாயங்காலம் முனியப்பனை வாசலிலேயே திருப்பி அனுப்பியது நான்தான். அந்த அம்மா பெயர் சொல்லவே மாட்டார். பெயர் இல்லாமல் பதிவேட்டில் எப்படி எழுதுவது? அதனால் எழுதவில்லை. காப்பாற்ற என்று நான் எழுதிய காகிதம் யாரை ஏற்ற வேண்டும் என்று உங்களுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டது. அந்த டீ ஆறிப்போய், மேலே ஆடை படிந்து, அப்படியே இருந்தது.

மூன்றாம் நாள் முனியப்பன் நடந்தே வந்து சேர்ந்தான். லாரிகள் உரசிக்கொண்டு இறங்குகிற அந்தக் கணவாய் ரோட்டில் செருப்பில்லாமல் நடந்திருக்கிறான். கால் இரண்டும் வீங்கிப்போய், நேராக உங்கள் ஸ்டேஷன் வாசலுக்கே வந்து நின்றானாம். உங்களைத் திட்டுவான் என்றுதான் நினைத்ததாகச் சொன்னீர்கள். அவனோ, "எம் பொட்டணம் இங்கதான் சார் கெடக்குது. வேற எங்க போவேன்?" என்றிருக்கிறான்.

"கூட வந்த அம்மா எங்கடா?"

"பாலத்துக்கிட்ட உக்காந்துக்கிச்சு சார். வா போலாம்னு கூப்ட்டேன், வரல. நீ போயி ஊட்டா மாடு, சாப்புடுன்னு சொல்லுச்சு."

அன்று மதியமே நாம் இருவரும் பஸ் பிடித்துத் தொப்பூர் போனோம். பாலத்தடியில் யாரும் இல்லை. ரோட்டோர ஓட்டல்களில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினோம். நம்மிடம் போட்டோ இல்லை, பெயர் இல்லை. "யாராச்சும் ஒரம்மா ஊட்டா ஆய்த்தான்னு கேட்டுக்கிட்டு வந்தாங்களாங்க?" என்று நீங்கள் கேட்க, பரோட்டா மாஸ்டர்கள் உங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தாண்டிப்போகிற ஒவ்வொரு ஓட்டலையும் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தீர்கள். இறங்கும் இடம் வந்ததும், "ஆளு இல்லாதவங்கன்னு நெனச்சு ஏத்திப்புட்டேன்ங்க" என்றீர்கள். உங்கள் குரல் உடைந்ததை நான் கவனிக்காதது போல இருந்துவிட்டேன். ஏதாவது சொல்லியிருக்கலாம், தப்பில் பாதி என்னுடையது என்றாவது.

அதற்குப் பிறகுதான் செவ்வாய்க்கிழமை டீ ஆரம்பித்தது. யாரும் உத்தரவு போடவில்லை. பஸ் நிலையத்து டீக்கடைப் பெஞ்சில் காலை பதினொரு மணிக்கு நீங்கள், நான், பெரிய ஆஸ்பத்திரியில் குடி நிறுத்தும் வார்டு சிஸ்டர், துப்புரவு மேஸ்திரி. யார் புதிதாக வந்து படுத்திருக்கிறார்கள், யாருக்குக் கை நடுங்குகிறது, யார் மாத்திரை வாங்க வரவில்லை, அவ்வளவுதான் பேச்சு. விடியற்காலை ஆள் எழுந்திருக்கும் முன்னால் தண்ணீர் பீய்ச்சி அடிப்பதை மேஸ்திரி நிறுத்தினார். பெயர் சொல்லாதவர்களையும் சேர்க்க நான் சண்டை போட்டு அனுமதி வாங்கினேன்.

பூக்கடைக்காரம்மா ஒரு நாள் அந்தப் பெஞ்சுக்கே வந்து உங்களைப் பிடித்துக்கொண்டார். "இவனுங்க பாட்டில ஒடைச்சுக்கிட்டு நின்னா நான் எப்படிங்க கடை போடறது? எம் புள்ள பஸ்சு ஏறப் பயப்படறா. உங்களுக்கு அவனுங்க மட்டும்தான் மனுசங்களா?" நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். நீங்கள் என்னைக் கையமர்த்தினீர்கள். அவர் சொல்வது நியாயம் என்று அவரிடமே சொல்லி, அவருக்கும் ஒரு டீ சொன்னீர்கள். அந்த வாரமே பெண்கள் கழிப்பறைப் பக்கம் விளக்குப் போட வைத்தீர்கள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அங்கே போய் நின்றீர்கள். பிறகு அவரே நமக்குப் போன் செய்து, இன்னார் ரொம்பக் குடித்துவிட்டுக் கிடக்கிறார், வந்து தூக்கிக்கொண்டு போங்கள் என்று சொல்ல ஆரம்பித்தார்.

ஆனால் வார்டில் ஒரு சிக்கல் இருந்தது. உடன் இருப்பவர் கையெழுத்து இல்லாமல் சேர்க்க மாட்டார்கள். சிஸ்டரைக் குறை சொல்ல முடியாது. நடுவில் ஒருவன் எழுந்து ஓடினால் யாரைக் கேட்பது? முனியப்பனை முதல்முறை கூட்டிக்கொண்டு போனபோது நாம் மூவரும் அந்தப் படிவத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். நீங்கள் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தீர்கள். உங்கள் பெயரை எழுதினீர்கள். 'உறவு முறை' என்ற கட்டத்தில் 'அண்ணன்' என்று எழுதினீர்கள். "இது பொய்யின்னு நோட்டீசு வந்தா என்னங்க பண்ணுவீங்க?" என்று நான் கேட்டேன். "வரட்டும்ங்க, அப்பறம் பாக்கலாம்" என்று சிரித்தீர்கள். அதற்குப் பிறகு எத்தனை பேருக்கு அண்ணன் ஆனீர்களோ. உங்கள் அம்மா பெற்ற பிள்ளைகளுக்குக் கணக்கே இல்லை என்று சிஸ்டர் கேலி செய்வார்.

முனியப்பன் தேறினான். பஸ் நிலைய ஓட்டலில் பாத்திரம் கழுவினான், மூன்று வேளையும் சாப்பிட்டான், முகத்தில் சதை போட்டது. நீங்கள் மட்டும் உங்களை மன்னிக்கவில்லை. லீவு நாளில் எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், "சும்மா, தொப்பூர் பக்கம்" என்பீர்கள்.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்த நீங்கள் எழுந்திருக்கவில்லை என்று போன் வந்தது. நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் உங்கள் வீட்டுக்கு நாங்கள் வந்தபோது, முனியப்பன் வாசலுக்கு வெளியே ரோட்டிலேயே நின்றான். உள்ளே வாடா என்றால், "நான் யாருன்னு கேட்டா என்னங்க்கா சொல்றது?" என்றான். மறுநாள் குடித்தான். அதற்குப் பிறகு விடவில்லை. செவ்வாய்க்கிழமை டீயும் நின்றுபோனது. மேஸ்திரிக்கு மாற்றல், எனக்கு அந்தப் பெஞ்சைப் பார்க்கவே பிடிக்கவில்லை. முனியப்பனை மறுபடி வார்டில் சேர்க்க வேண்டும் என்று தினமும் நினைப்பேன். யார் கையெழுத்துப் போடுவது என்று மறுநாளைக்கு ஒத்திப்போடுவேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

இன்று நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவனைத்தான் வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் தோளைப் பிடித்திருந்தார்கள், கால் படியில் நிற்கவில்லை. இன்னும் சிலரை ஏற்றுவதற்காக மரத்தடியில் உட்கார வைத்திருந்தார்கள். உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் புது ஏட்டு, உங்களைவிடச் சின்ன வயது, என்னைப் பார்த்ததும் கையை நீட்டினார்.

"உங்க ஆளுங்க லிஸ்ட்டு இருந்தா குடுத்துருங்க மேடம். அவங்கள விட்டுடறோம்."

அண்ணா, மறுபடியும் அதே லிஸ்ட். கத்தத்தான் வாயெடுத்தேன். என்ன நினைத்தேனோ, "மொதல்ல டீ சொல்லிடலாம்ங்க" என்றேன். அவர் விழித்தார். ஆனால் வந்து உட்கார்ந்தார்.

லிஸ்ட்டுக்குப் பதிலாகக் கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். உங்கள் காரியத்தன்று அண்ணி என்னிடம் கொடுத்தது அது. "அவர் சட்டப் பையில இருந்துச்சுங்க. வூட்டுல இருக்கறப்பவும் எடுத்து வெக்க மாட்டாரு. உங்க ஆபீஸ் பேப்பராட்டம் தெரியுது" என்றார். மடித்து மடித்து மடிப்பில் கிழிந்திருந்தது. ஆஸ்பத்திரிப் படிவம். நோயாளி பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. உடன் இருப்பவர், உங்கள் பெயர். உறவு முறை, மகன். கீழே உங்கள் கையெழுத்து.

புது ஏட்டு இரண்டு முறை படித்தார். "யாருக்குங்க இந்தப் படிவம்?" என்றார். சொன்னேன். அந்தக் கன்னட அம்மா, லிஸ்ட், வேன், பாலம், எல்லாம் சொன்னேன். லிஸ்ட் எழுதியது நான் என்பதையும் சொன்னேன்.

"கெடைச்சாங்களா?"

"இல்லீங்க."

அவர் டீயைக் குடித்து முடித்தார். பிறகு எழுந்துபோய் டிரைவரிடம் என்னவோ சொன்னார். திரும்பி வந்து, "மேடம், மத்தவங்கள நாளைக்குப் பொழுது சாயற வரைக்கும் காப்பகத்துலயே வெச்சுக்கங்க. வெளிய வந்தாங்கன்னா எனக்குத்தான் மெமோ வரும்" என்றார். முனியப்பனைக் காட்டி, "இவன் இருக்கற நெலைமைக்கு அங்க சேத்துக்குவீங்களா?" என்று கேட்டார். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன். "அப்ப ஏறுங்க" என்றார்.

அந்த வேனில் நான் ஏறுவேன் என்று நீங்கள் நினைத்திருப்பீர்களா? முனியப்பன் என் மடியில் வாந்தி எடுத்தான். தொப்பூருக்கா என்று மூன்று முறை கேட்டான். இல்லடா, சிஸ்டர்கிட்ட போறோம் என்று மூன்று முறையும் சொன்னேன்.

சிஸ்டர் படிவத்தை என் பக்கம் தள்ளினார். நான் பேனாவை எடுத்து என் பெயரை எழுதி, உறவு முறை என்ற கட்டத்தில் 'அக்கா' என்று எழுதினேன். இத்தனை சுலபமான ஒன்றை எழுத ஐந்து மாதம் ஆகியிருக்கிறது எனக்கு. வருகிற செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குப் பெஞ்சுக்கு வாருங்கள் என்று சிஸ்டரிடம் சொன்னேன். புது ஏட்டு கதவோரம் நின்றிருந்தார். அவரைப் பார்த்தும் சொன்னேன். வருவாரா தெரியாது.

உங்கள் காகிதத்தை மறக்காமல் திருப்பி வாங்கிக்கொண்டேன். அது என் பையில்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை தொப்பூர் போகிறேன், அண்ணா. ஓட்டல் ஓட்டலாக ஏறி, நீங்கள் கேட்ட மாதிரியே கேட்பேன். அந்த அம்மா எங்கேயாவது இருந்து, என்னைப் பார்த்து "ஊட்டா ஆய்த்தா?" என்றால், இன்னும் இல்லை அம்மா, உங்கள் மகன் உங்களைக் கூட்டி வரச் சொன்னார் என்று சொல்வேன்.