கடைசி சீட்டில் ஒரு குடுவை

செப்டம்பர் 27

சாயப்பட்டறைக் கழிவுநீர், ஒரு குடுவை. அதில் என் பூஞ்சை. ஏழு நாள் விடாமல் குலுக்கினால் சாயத்தைத் தின்றுவிடும் என்று நம்புகிறேன். பூஞ்சை என்னை நம்புகிறதா? மூன்றாவது முயற்சி. அக்டோபர் ஒன்பதாம் தேதி ஆய்வுக் குழு. முடிவு காட்டாவிட்டால் முனைவர் பட்டம் அவ்வளவுதான்.

செப்டம்பர் 29

ஆய்வகச் சுவரில் ஆயுத பூஜை வேலைப் பட்டியல். கோலம் சுகாசினி. சுண்டல் தினேஷ். ஏஞ்சல் என்ற என் பெயர் - இல்லை. நான்காவது வருடமும்.

வழிகாட்டி பரமசிவம் சாரிடம் கேட்டேன்.

"உங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் வழக்கம் இல்லையேம்மா. லீவு எடுத்துக்க."

அன்பாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால் கோபப்பட வசதியாக இருந்திருக்கும்.

"குலுக்குற மிஷின் மட்டும் ஓடட்டும் சார்."

"மிஷினுக்கும் ஓய்வு வேணாமா?"

"ஃப்ரிட்ஜ் ஓடுதே?"

"அதுல பாயாசத்துக்குப் பால் இருக்குது."

அறிவியல்.

செப்டம்பர் 30

ஆய்வகச் சாவி மூன்று பேரிடம். என்னிடம் இல்லை. மாலையே பூட்டிவிட்டார்கள், இரண்டு நாளுக்கு. பூட்டும் முன் குடுவையை வீட்டுக்குத் தூக்கி வந்தேன். அப்பா ஆட்டுகிறார், சினிமாப் பாட்டு பாடியபடி. தாளம் சரியில்லை. இரண்டு நாள் தாங்குவாரா?

இந்த ஊரில் ஓயாமல் குலுங்குவது எது?

ஐயோ. தெரிந்துவிட்டது.

அக்டோபர் 1

ஸ்ரீபெரும்புதூர் பஸ். மடியில் குடுவை. கண்டக்டர் பெயர் மாணிக்கவேல்.

"இன்னாமா, ரோஸ்மில்க்கா?"

"பூஞ்சைண்ணே. என் படிப்பு. ஆடிக்கினே இருக்கணும்."

"அப்ப கடைசி சீட்டுக்குப் போ. அங்கதான் ஆளையே தூக்கிப் போடும்."

ஆறு நடை. பஸ்ஸுக்கு வாழைக்கன்று, மாலை, பொட்டு எல்லாம் உண்டு. ஓய்வு மட்டும் இல்லை. பஸ் நிலையத்தில் கற்பூரம் காட்டினார்கள். எல்லோருக்கும் பொரி. எனக்கும். பிறகு மாணிக்கவேல் குங்குமத்தோடு என் மடியைப் பார்த்தார்.

"இது உன் மிஷின்தானே?"

நான் வாய் திறப்பதற்குள் குடுவைக்குப் பொட்டு.

ஏசுவே, கோபிக்காதே. வைத்தது எனக்கு இல்லை, பூஞ்சைக்கு.

அக்டோபர் 2

இன்றும் பூட்டு. இன்றும் பஸ். கடைசி சீட்டில் எனக்காக மாணிக்கவேல் துண்டு போட்டு வைத்திருந்தார். ராத்திரிக்கு அப்பா, நாளை முதல் மறுபடி மிஷின்.

அக்டோபர் 4

போச்சு! கலர் போயே போச்சு! தண்ணி மாதிரி இருக்குது! போனில் அப்பா அழுதார். நான் அழவில்லை. (அழுதேன்.)

அக்டோபர் 9

குழுவில் ஒரு மேடம்: "நடுவுல ரெண்டு நாள் எதுல குலுக்கினீங்க?"

"பஸ்ல மேடம். கடைசி சீட்."

குழு சிரித்து முடிக்கக் கொஞ்சம் நேரம் ஆனது. மிஷினில் மறுபடி செய்து காட்டச் சொல்லி ஒரு வருட நீட்டிப்பு.

பரமசிவம் சார் மட்டும் குடுவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது, சிவப்பா?"

"ஆயுத பூஜை சார். கண்டக்டர் வச்சாரு."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உனக்குச் சுண்டல் பண்ணத் தெரியுமா?"

"தெரியும் சார். ஆனா முதல்ல சாவி."

"பாக்கலாம்" என்றார். நாளையும் கேட்பேன்.

குடுவையைக் கழுவி வைத்தேன். பொட்டு இருக்கும் இடம் தவிர.