கீதனின் முதுகில் ஒரு கொப்புளம்

அன்புத் தங்கச்சிக்கு,

என் போனை அவர் பார்ப்பார். அதனால் கிளினிக்கின் தனி அறையில் உட்கார்ந்து இதைத் தாளில் எழுதுகிறேன்.

உன் வீட்டுக்கு வந்துவிடுவதாகச் சொன்ன அன்றுதான் பெரியவள் தாரகாவுக்கு அம்மை போட்டது. முதலில் காய்ச்சல், பிறகு வயிற்றில் சிவப்புப் புள்ளிகள். சாயங்காலத்துக்குள் அவற்றில் நீர் கோத்துக்கொண்டது. "மார்சிலிங் வரைக்கும்தானேக்கா, பிள்ளையத் தூக்கிட்டு என் வீட்டுக்கு வா" என்றாய். உனக்கு அம்மை வந்ததே இல்லை. இப்போது ஏழு மாதம் வேறு. எப்படி வருவேன்?

அவள் நகங்களை ஒட்ட வெட்டினேன். வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டி, காலமைன் தடவி, சொறியாமலிருக்கக் கையைப் பிடித்துக்கொண்டே கதை சொன்னேன். பன்னிரண்டு நாளும் அவர் லீவு போட்டு வீட்டிலேயே இருந்தார். அதைப் பற்றி எழுத வேண்டாம்.

பொருக்கெல்லாம் காய்ந்துவிட்டது. நாளை அவர் வேலைக்குப் போனதும் கிளம்புவதாக இருந்தேன். இன்று காலை சின்னவன் கீதனின் முதுகில் ஒரு கொப்புளம்.

அவரே எங்களைக் காரில் கொண்டுவந்து விட்டார். கீழே காப்பிக் கடையில் காத்திருக்கிறார்.

மருந்தை விளக்கிய தாதி, "வீட்டுல ஹெல்ப்புக்கு யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டாள். எட்டு வருஷமாக எல்லோரிடமும் "இருக்காங்க" என்றுதான் சொல்லி வந்தேன். இன்று, "திரும்பிப் போக பயமா இருக்கு சிஸ்டர்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் எழுந்து கதவைச் சாத்தினாள். "நீங்க கீழ போக வேணாம்லா, பிள்ளைங்களோட இங்கேயே இருங்க" என்று சொல்லிவிட்டு யாருக்கோ போன் போட்டாள். அம்மை கண்ட பிள்ளையோடு தங்கவும் இடம் உண்டாம், வண்டி வருகிறது.

நீ வந்துவிடாதே. கீதனுக்கு ஆறியதும் நானே வருவேன்.

உன் அக்கா