வாசிக்காமல் விட்ட வரி

தங்கச்சி,

இன்று காலை கடையைத் திறந்து போட்டோ கொப்பி மெஷினின் மூடியைத் தூக்கினால், கண்ணாடியின்மேல் யாரோ ஒருவருடைய பிறப்புச் சான்றிதழ் கவிழ்ந்து கிடக்கிறது. நேற்றுப் பின்னேரம் மழைக்கு ஒதுங்கிய கூட்டத்தில் யாரோ நகலை வாங்கிக்கொண்டு அசலை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைக் கையில் எடுத்ததும் என்னை அறியாமலே பஸ் நிலையத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டேன். எல்லாம் நீ பழக்கிவிட்ட பழக்கம். மாதத்துக்கு இரண்டு தடவையாவது நீ அசலை மெஷினுக்குள் மறந்துவிட்டுப் போவாய். நான் முழங்கால் வலியோடு ஓடி வந்து பஸ் ஜன்னலில் நீட்டுவேன். “அசலு உங்ககிட்ட இருந்தா பத்திரமா இருக்கும்னுதான் விட்டுட்டு வந்தேன் நானா” என்று, எங்கள் முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டுச் சொல்லி வாங்கிக்கொள்வாய். பஸ்ஸில் இருக்கிற சனமெல்லாம் சிரிக்கும்.

நீ போய் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் தமிழிலும் சிங்களத்திலும் மனு அடித்துக் கொடுத்தே வயதாகிவிட்ட எனக்கு, என் சொந்த விஷயத்தை எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. களைப்பாக இருக்கிறது. ஆனாலும் உனக்கு நேரே சொல்லாத ஒன்று பாக்கி இருக்கிறது. சொன்னேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால், நான் வாயைத் திறக்கும் முன்பே நீ “தெரியும் நானா” என்று முடித்துவிட்டாய்.

நீ முதன்முதலாகக் கடைக்கு வந்தது ஒரு வெயில் நாளில். தேயிலைக் கொழுந்து மலையிலிருந்து நேரே வந்திருந்தாய். செடி கீறாமல் இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. தோட்டத்து லயத்து வரிசை வீடுகளின் கூரைத் தகரம் ஓட்டையாகி வீட்டுக்குள் மழை பெய்வதைப் பற்றி ஒரு மனு. நீ சொல்லச் சொல்ல நான் அடித்தேன். கடைசியில் வழக்கம்போல ‘மிகவும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்’ என்று நானாகவே போட்டேன். நீ எட்டாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் தமிழை எழுத்து விடாமல் வாசிப்பாய். வாசித்துவிட்டு, “பணிவு எதுக்கு நானா? கூரை அவங்களோடது, நனையிறது நாங்க. கேட்டுக்கொள்றோம்னு மட்டும் போடுங்க” என்றாய். இத்தனை வருடத்தில் அந்தச் சொல்லை எடுக்கச் சொன்ன முதல் ஆள் நீதான். அன்றே எனக்கு உன்மேல் ஒரு மரியாதை வந்தது, கொஞ்சம் பயமும் வந்தது.

அதற்குப் பிறகு உன் தோட்டத்து ஆட்கள் எல்லாருமே உன்னோடுதான் வருவார்கள். பேர் பதியாத பிள்ளை, அடித்த கங்காணி, கொழும்பில் வீட்டு வேலைக்குப் போய்ப் பேச்சு மூச்சில்லாமல் போன பெண் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கடிதம். தோட்டத்து ஒபிஸில் உன்னை ‘கடுதாசிக்காரி’ என்று சொல்கிறார்களாம். அதை நீயே வந்து பெருமையாகச் சொன்னாய்.

பிறகு அந்தக் குடிசை விவகாரம். புதிதாகக் கல்யாணம் கட்டிய ஒரு சோடி. ஒரே காம்பரா அறைக்குள் தாய் தகப்பன், அண்ணன் குடும்பம், நடுவில் ஒரு சீலையைத் தொங்கவிட்டு இவர்கள். எத்தனை நாளைக்கு முடியும்? லயத்துக்குப் பின்னால் மரக்கறிப் பாத்தி ஓரமாக நாலு தகரத்தை நிறுத்தி ஒரு குடிசை போட்டார்கள். அனுமதி இல்லை என்று தோட்டத்து வாட்ச்சர்மார் அலவாங்குக் கம்பியோடு வந்து, அந்தப் பெண் உள்ளே அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கும்போதே தகரத்தைப் பிடுங்கினார்கள். நீ வாசலில் நின்று போனில் படம் பிடித்தாய். போனைக் கேட்டார்கள். கொடுக்கவில்லை. கம்பால் உன் வலது கையில் போட்ட அடியில் எலும்பும் முறிந்தது, போனும் கல்லில் விழுந்து தூளாகிப் போனது. அந்தப் படம் போய்விட்டது. பொலிஸில் நீ போடப்போகும் முறைப்பாட்டு என்ட்ரி ஒன்றுதான் மிச்சம்.

கையில் கட்டோடு என்னைக் கூப்பிட்டாய். “சிங்களத்துல எழுதுவாங்க நானா. எழுதினத வாசிச்சுக் காட்ட நீங்க வரணும். உங்கள விட்டா யாரு?” வருகிறேன் என்றேன்.

இனித்தான் நான் சொல்லவேண்டியது வருகிறது.

நீ கூப்பிட்ட அன்று பகலே இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, பத்து கொப்பி எடுக்கச் சொன்னார்கள். ஒன்றும் எழுதாத தாள். புரட்டிப் பார்த்தேன், பின்பக்கமும் வெள்ளைதான். “எடுங்க நானா” என்றான் ஒருவன். எடுத்தேன், தங்கச்சி. ஒன்றுமில்லாத தாளைப் பத்துத் தடவை நகல் எடுத்தேன். மற்றவன் அதுவரை கடையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். “நானா யாவாரம் பாக்குற ஆளு. தோட்டத்துப் பிரச்சின உங்களுக்கு எதுக்கு? கடை பூராவும் தாளுதானே வச்சிருக்கீங்க. தாளு சுருக்கா புடிச்சிக்கும்” என்றான். குரலை உயர்த்தவே இல்லை. எங்கள் ஆட்களின் கடைகள் எரிந்த செய்திகளைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் பொலிஸில் நீயும் நானும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நீ தமிழில் சொன்னதை நான் சிங்களத்தில் சொல்ல, அந்த அதிகாரி எழுதினார். எழுதி முடித்துத் தாளை என் பக்கம் தள்ளினார். நான் வரிவரியாக வாசித்து உனக்குத் தமிழில் சொன்னேன். குடிசை, அலவாங்கு, கம்பு, கை, எல்லாம் இருந்தது. கடைசியில் நீயும் சொல்லாத, நானும் சொல்லாத ஒரு வரி இருந்தது. ‘இது சம்பந்தமாக மேற்கொண்டு நடவடிக்கை எடுக்க எனக்கு விருப்பம் இல்லை.’

அந்த இடத்தில் நான் நின்றேன். அதிகாரி என்னைப் பார்த்தார். நீயும் என்னைப் பார்த்தாய்.

“அவ்வளவுதானா நானா?” என்று கேட்டாய்.

“அவ்வளவுதான். எல்லாம் சரியா எழுதியிருக்கு.”

வலது கை கட்டில் இருந்ததால் நீ இடது கையால் பேனாவைப் பிடித்தாய். முதலாம் வகுப்புப் பிள்ளை எழுதுவது போல், நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக உன் பெயரைப் போட்டாய். போட்டுவிட்டு, “கோழி கிண்டின மாதிரி இருக்கு” என்று சிரித்தாய். நான் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரும் வழியில் எனக்கு நானே ஆயிரம் காரணம் சொன்னேன். இவளுக்கு இரண்டு பிள்ளைகள், இதோடு விட்டால் இவளுக்கும் நல்லதுதான் என்று. எல்லாம் பொய். எனக்குப் பயம், அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்து வழக்கு என்ன ஆயிற்று என்று நீ போய்க் கேட்டிருக்கிறாய். நீதானே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாய் என்று சொல்லி நகலைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். அதைக் கொண்டு வந்து கடையில் உட்கார்ந்தாய். இருந்த சனம் போகும் வரைக்கும் காத்திருந்தாய். பிறகு தாளை மேசையில் விரித்தாய்.

“கடைசி வரிய மட்டும் வாசிங்க நானா.”

வாசித்தேன்.

“இன்னொரு தடவ.”

மறுபடியும் வாசித்தேன். “தங்கச்சி, அதுக்கு மொத நாளு ரெண்டு பேரு” என்று தொடங்கினேன்.

“தெரியும் நானா. எங்க வீட்டுக்குந்தான் வந்தாங்க. யாரு வீட்டுக்குத்தான் வரல” என்றாய். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டாய். வெள்ளைத் தாளைப் பற்றி நீ கடைசிவரை கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

நீ நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். நீ செய்தது வேறு. அந்த வரியின் முதல் எழுத்தில் விரலை வைத்து, “இது என்னா எழுத்து?” என்று கேட்டாய். சொன்னேன். “இது?” அதையும் சொன்னேன். அன்று தொடங்கியது. நாற்பது தாண்டிய வயதில் பஸ் போர்டு, சவர்க்கார உறை, மருந்துச் சீட்டு என்று கண்ணில் பட்டதையெல்லாம் விரல் வைத்து வாசித்தாய். “எல்லாம் சுருண்டுக்கிட்டுக் கெடக்கு நானா, காலையில பெரட்டுக்கு ஆள் கூப்புடுறப்ப எந்திரிக்காத ஆளு மாதிரி” என்று அலுத்துக்கொள்வாய். ஆனால் விடவில்லை. அதற்குப் பிறகு நான் எந்தச் சிங்களக் கடிதம் அடித்துக் கொடுத்தாலும் என் முன்னாலேயே அதை எழுத்துக் கூட்டி, தொடக்கத்திலிருந்து கடைசிவரை வாசிப்பாய். அரை மணி நேரம் ஆகும். நான் சும்மா நிற்பேன். என்னை நம்பவில்லை என்று நீ ஒரு நாளும் சொன்னதில்லை. வேறு கடைக்கும் போகவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கை கோணலாகத்தான் பொருந்தியது. கொழுந்து எடுக்க முடியாமல் போய், வேலைக் கணக்கிலிருந்து உன் பேரையும் வெட்டினார்கள். நீ அதற்கும் ஒரு கடிதம் எழுதினாய். நீ பிறகு வாங்கிய போனில் யார் யாரோ கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒருவன் கூப்பிட்டு, ‘மழைக்காலம், படி வழுக்கும், பாத்து நட’ என்று சொன்னானாம். “எம்மேல எவ்வளவு அக்கறை பாருங்க” என்று நீ என்னிடம் சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு வாய் கசக்கிறது.

ரோட்டிலிருந்து லயத்துக்கு இறங்கும் அந்தக் கல்லுப்படியில் நீ பிறந்ததிலிருந்து ஏறி இறங்கியிருக்கிறாய். கொழுந்துச் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு, செருப்பில்லாமல், அடைமழையில். அந்தப் படிக்குக் கீழேதான் ஒரு பின்னேரம் நீ கிடந்தாய். பள்ளியில் தொழுதுவிட்டு வெளியே வந்தவனிடம் ஓட்டோக்காரர் சொன்னார். நான் பள்ளிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலை உன் வீட்டுக்காரர் வந்தார். தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு மலைக்குப் போவதைத் தவிர வேறெதற்கும் லயத்தை விட்டு இறங்காத மனிதர். நீ பேசிப் பேசி அவருக்கும் சேர்த்துப் பேசிவிட்டாய் போல, அவர் அதிகம் பேசவே மாட்டார். சேற்றுக் காலோடு கடைக்கு வெளியிலேயே நின்று, “நானா, வாசிச்சுக் காட்டணும்” என்றார்.

பொலிஸுக்குப் போனேன். வெள்ளைத் தாள் நீட்டியவன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையை ஆட்டினான். பொய் சொல்ல மாட்டேன், திரும்பிவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தேன். உன் வீட்டுக்காரர் பின்னால் பார்க்காமல் நடந்துகொண்டே இருந்தார். அதனால் நானும் நடந்தேன்.

அவர் சொன்னதை எழுதித் தாளைத் தள்ளினார்கள். மேசை வேறு, அதிகாரி வேறு, தாள் அதே மாதிரி. நான் விரலை வைத்தேன். உன்னைப் போல ஒவ்வொரு சொல்லாகப் போனேன். அவசரப்படுத்தினார்கள். கண் சரியில்லை என்றேன். கடைசி வரி வந்தது. சத்தமாகத் தமிழில் சொன்னேன். “மழையில் கால் வழுக்கி விழுந்து இறந்தார் என நம்புகிறேன். இந்த மரணத்தில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. அப்பிடித்தான் எழுதியிருக்கு. நீங்க அப்பிடியா சொன்னீங்க?”

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நான் அப்புடிச் சொல்லலியே நானா” என்றார். பிறகு, “சந்தேகம் இருக்கு. போன்ல சொன்னானே, அதையும் எழுதச் சொல்லுங்க” என்றார்.

அந்த வரியை வெட்டி, சந்தேகம் உண்டு என்று மாற்றி எழுத ஒரு மணி நேரம் ஆனது. அந்தப் போன் பேச்சும் உள்ளே ஏறியது. அவர் கைநாட்டு வைத்தார். நான் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டேன். அன்றைய கடைசி வரியையும் நான் இப்படி வாசித்திருந்தால், உன்னை அடித்தவன் கோர்ட்டுக்கு அலைந்துகொண்டிருப்பான். நீ அசலை மறந்துவிட்டு பஸ் ஏறிக்கொண்டிருப்பாய். அப்படித்தான் நடந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்கு மட்டும் அப்படித் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

இதனால் நியாயம் கிடைத்துவிட்டது என்று நினைத்துவிடாதே. உன் வழக்கு தவணை மேல் தவணை போகிறது. நானும் உன் வீட்டுக்காரரும் ஒரே பஸ்ஸில் போய், கோர்ட்டில் ஒரே வாங்குப் பலகையில் உட்கார்ந்து, அடுத்த திகதியை எழுதிக்கொண்டு வருகிறோம். கடைப் பெயர்ப் பலகையில் ஒரு தடவை கல் விழுந்தது. இன்னும் மாற்றவில்லை. குடிசை இருந்த இடத்தில் புல் வளர்ந்துவிட்டது, அந்தச் சோடி கொழும்புப் பக்கம் போய்விட்டார்கள். பயம் போய்விட்டதா என்றால், இல்லை. வெள்ளைத் தாளோடு யார் உள்ளே வந்தாலும் இப்போதும் எனக்கு வியர்க்கிறது.

பத்து மணிக்கு அந்தப் பிறப்புச் சான்றிதழுக்கு உரியவள் தேடி வந்துவிட்டாள். உன் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டம். சான்றிதழை வாங்கிக்கொண்டு, பைக்குள்ளிருந்து ஒரு சிங்களக் கடிதத்தை எடுத்தாள். “நானா வாசிச்சுச் சொல்லுவாருன்னாங்க” என்றாள். காம்பராவை விடச் சொல்லி வந்த கடிதம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் சொல்லில் விரலை வைத்தேன். வெளியே ஆட்கள் காத்து நின்றார்கள், நிற்கட்டும் என்று விட்டேன். முடித்ததும் அவள், “அவ்வளவுதானா நானா?” என்று கேட்டாள்.

“இரு” என்றேன். கடைசி வரியை அவளுக்கு இன்னொரு தடவை வாசித்தேன்.