வியாழக்கிழமை ஆறு மணிக்கு வா

இன்று காலை போர்ட் பிளேயரில், எங்கள் புரோத்ராபூர் வீட்டில் கடுகெண்ணெய் வாசனை அடித்தது. திரும்பிப் பார்த்தால், நாங்கள் பௌதி, அண்ணி, என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளி அம்மா மீன் கிண்ணத்தோடு சமையலறைக்குள் நிற்கிறார். கதவைத் தட்டவில்லை, குரல் கொடுக்கவில்லை. "பௌதி, போன் கர்கே ஆனா தா நா" என்று வாயில் வந்துவிட்டது. முகம் சுண்டிப்போய்க் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனார். "இருபது வருஷமா இப்படித்தான் வர்றாங்க. நீ ஜெர்மனி போய்ட்டு வந்துட்டா அவங்க போன் பண்ணிட்டு வரணுமா?" என்றாள் அம்மா.

அதிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நாளைக்கு உன் ஊர் ஹட் பே தீவுக்குக் கப்பல். நீ போய் எட்டு மாதம் கழித்து உன் அம்மாவைப் பார்க்கப் போகிறேன். பையை இரண்டு தடவை அடுக்கிக் கலைத்தாயிற்று.

நாம் இருவரும் ஒரே வருடம்தான் ஜெர்மனிக்குப் படிக்கப் போனோம். உனக்கு ஹட் பே பழக்கம், திறந்த வீடெல்லாம் உன் வீடு. முதல் மாதமே ஹாஸ்டலில் எதிர் அறைப் பெண்ணுக்கு மீன் குழம்பு கொண்டுபோனாய். அவள் வாசலிலேயே வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். மறுநாள் டப்பா உன் கதவருகே இருந்தது. "கழுவித் துடைச்சு வெறும் டப்பாவ வெச்சிருக்காடி! ஒரு பிடி சர்க்கரை கூடவா இல்ல அவகிட்ட?" என்று சிரித்தாய். சிரித்துவிட்டு, அன்று முழுக்க என் அறையை விட்டுப் போகவே இல்லை.

நான் சீக்கிரம் தேறிவிட்டேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். யார் வீட்டுக்கும் நாள், நேரம் குறித்துக்கொண்டுதான் போவேன். ஊரோடு ஒத்து வாழ் என்று உனக்குப் பாடம் வேறு. "ஒத்து வாழலாம்டி. யாரோட?" என்று கேட்டாய். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

பனி கொட்டிய ஒரு ஞாயிறு மதியம், ஹாஸ்டலை விட்டு நான் மாறியிருந்த வீட்டின் மணியை அடித்தாய். உள்ளே என் வகுப்புத் தோழிகள் இருவர். மேசையில் மூன்று தட்டுகள். நாலாவது தட்டு எடுத்து வைக்க எவ்வளவு நேரமாகியிருக்கும்? அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். "சொல்லிட்டு வரக்கூடாதாடி? வியாழக்கிழமை ஆறு மணிக்கு வா." உன் தலைமுடியெல்லாம் பனி. "அரே, சரி. வியாழன்" என்று படி இறங்கிவிட்டாய். எதற்கு வந்தாய் என்றுகூட நான் கேட்கவில்லை.

வியாழன் சரியாக ஆறு மணிக்குப் பூங்கொத்தோடு வந்தாய். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாய். என்ன விஷயம் என்றதற்கு "ஒண்ணுமில்ல, எல்லாம் ஓகே" என்றாய். அடுத்த மாதமே படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போனாய். ஹட் பேயில் உன்னைக் கொண்டுபோன அந்த பைக் விபத்து நடந்த அன்றுகூட, அடுத்த ஞாயிறு பேசலாம் என்று உனக்கு மெசேஜ் போட்டிருந்தேன்.

நீ ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு இந்நேரம் ஆறியிருக்கும். திட்டவில்லை. அந்த வியாழக்கிழமை, ஷூவை மாட்டிக்கொண்டே, "டைம் கொடுத்ததுக்கு ரொம்ப தேங்க்ஸ்" என்றாய். கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை. போர்ட் பிளேயர் காலேஜில் என் டிபன் பாக்ஸைக் கேட்காமல் திறந்து தின்றவள், எனக்கு நன்றி சொன்னாய். நானும் "பரவாயில்லை" என்றேன்.