அளிக்கும் பொத்தான்

மார்ச் 3
இன்றோடு இருநூற்றுப் பதினான்கு பிழைகள். காலையில் திருத்தியது: 'கடவுச்சொல்லை மரக்காதீர்கள்.' தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பத்தொன்பது வருடம் மெய்ப்புப் பார்த்தவளை அச்சகம் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. கண் மட்டும் இன்னும் வேலையை விடவில்லை. சின்ன கிளினிக்குகள் நோயாளிகளின் விவரங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள் இது. இலவசம். யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம். அதனால்தான் உதவிப் பக்கங்கள் இந்த லட்சணத்தில் இருக்கின்றன.

மார்ச் 9
தங்கை வேலை செய்யும் பல் கிளினிக்கில் நான் சொல்லித்தான் இதைப் போட்டார்கள். நாலு வருடத்து விவரங்களையும் அவளே ஏற்றி முடித்துவிட்டாள். "நீ பாத்த பக்கம்னா கண்ண மூடிக்கிட்டு நம்பலாம்க்கா" என்றாள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 17
முப்பத்தொரு திருத்தங்களை ஒரேயடியாக அனுப்பினேன். இதை நடத்துகிறவர், எல்லோரும் தலைவர் என்று கூப்பிடுகிற ஆள், பொதுப் பக்கத்திலேயே பதில் போட்டார். "அக்கா, இது ஸ்கூல் நோட்டு இல்ல. ஒரு புள்ளி விட்டுப்போனா யாரும் செத்துட மாட்டாங்க." முப்பத்தொன்றையும் தள்ளிவிட்டார். கீழே ஒருவர் எனக்குப் 'புள்ளியக்கா' என்று பெயர் வைத்திருந்தார். நாற்பத்திரண்டு பேர் சிரித்திருக்கிறார்கள். ஒற்று எங்கே மிகும் என்று ஒரு வாரம் நான் சொல்லிக்கொடுத்த பெண்ணும் அதில் ஒருத்தி.

மார்ச் 18
சிரித்தவர்கள் இப்போது நாற்பத்தொன்பது.

மார்ச் 22
புதுப் பக்கம் ஒன்று என் பார்வைக்கு வந்தது. யாராவது ஒருவர் படித்துப் 'பிழையில்லை' என்று குறி போட்டால்தான் பக்கம் வெளியே போகும். தலைவரே எழுதியது. 'பழைய விவரங்களை அளிக்க, பெட்டிப் படம் போட்ட பொத்தானை அழுத்தவும். உறுதியா என்று கேட்டால் ஆம் என்று கொடுக்கவும்.'

அந்தப் பொத்தான் யாருக்கும் எதையும் அளிக்காது. அழிக்கும். ஓர் எழுத்துதான்.

கை தானாகப் போனது. பிறகு நிறுத்திக்கொண்டேன். நான் ஏன் சொல்லணும்? புள்ளியக்காதானே நான். எவனாவது அழுத்தட்டும். அத்தனை பேர் முன்னாலயும் அந்தத் தலைவர் மூஞ்சி தொங்கணும், அத நான் பாக்கணும்.

'பிழையில்லை' என்று குறி போட்டேன். மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 6
தங்கையின் டாக்டர் இரண்டாவது கிளினிக் திறந்திருக்கிறார். பழைய விவரங்களை அங்கே கொடுக்கச் சொன்னாராம். தங்கை பக்கத்தைப் படித்தாள், பொத்தானை அழுத்தினாள், ஆம் என்று கொடுத்தாள். நாலு வருடமும் போய்விட்டது. நகல் எதுவும் இல்லை. "நீ படிச்சவதானா?" என்று நோயாளிகளை வைத்துக்கொண்டே டாக்டர் கேட்டிருக்கிறார்.

போனில் அவள் அழவில்லை. "நான் சரியாத்தானேக்கா படிச்சேன்?"

சரியாகத்தான் படித்தாய் என்றேன்.

ஏப்ரல் 8
தங்கையின் கிளினிக்குக்குத் தச்சுவேலை செய்கிற ஒருவர் பல் பிடுங்க வந்திருக்கிறார். ஏதோ ஒரு மருந்து ஆகாது என்று தெரியும், பெயர் நினைவில்லை. அது அழிந்துபோன விவரத்தில் இருந்தது. போட்ட ஊசியில் முகம் வீங்கி, மூச்சு முட்டி, பெரிய ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

அன்னைக்குத் தங்கச்சி ஞாபகம் வரலையா? வந்துச்சு. அவ பழகினவ, அவளுக்குத் தெரியும்னு நெனச்சுக்கிட்டேன். இல்ல, இதுவும் பொய். நெனைக்காம இருக்கத்தான் அவசர அவசரமாக் குறி போட்டேன்.

ஏப்ரல் 9
தங்கை பொதுப் பக்கத்தில் புகார் எழுதியிருந்தாள். அதற்குத் தலைவர், எழுத்துப் பிழை பார்ப்பது தன் வேலை இல்லை, புள்ளியக்காதான் பிழையில்லை என்று குறி போட்டிருக்கிறார் என்று பதில் போட்டுவிட்டார். தேதியோடு, நேரத்தோடு. அதில் பொய் ஒன்றும் இல்லை.

சாயங்காலம் அவள் வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"கவனிக்கலடி" என்றேன்.

"நீயா? பஸ் போர்டுல கூடப் பிழை பாக்குறவ நீ. உண்மையச் சொல்லு. பாத்தியா?"

"பாத்தேன்."

போய்விட்டாள்.

ஏப்ரல் 10
என் கணக்கை மூடிவிட்டார்கள். உதவிப் பக்கத்தில் 'அளிக்க' என்ற அந்த வரி இன்னும் அப்படியே இருக்கிறது. திருத்தச் சொல்லித் தலைவருக்கு மூன்று முறை எழுதினேன். பதில் இல்லை.

ஏப்ரல் 14
தச்சர் பிழைத்துக்கொண்டார். தங்கை அனுப்பியது அந்த ஒரு வரிதான்.

மே 19
டாக்டர் அவளை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. ஒவ்வொரு நோயாளியிடமும் பழைய சீட்டுகளை வாங்கி மறுபடி ஏற்றச் சொல்லியிருக்கிறார். இன்று நானாகப் போனேன். மருந்து வைக்கும் அறையில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு சீட்டுகளை எடுத்து வாசித்தேன். பெயர், வயது, ஆகாத மருந்து. நான் வாசித்து முடித்ததும் ஒவ்வொரு தடவையும் கையை நீட்டினாள். சீட்டை வாங்கித் தானே ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் தட்டச்சு செய்தாள். மத்தியானத்துக்குள் அறுபத்தொரு சீட்டு. அத்தனையையும் இரண்டு பேரும் படித்தோம்.